பெருக்கலுக்கு வந்த நட்சத்திரம்

பள்ளிக்கூடத்தில் நாம் படித்த × குறி எக்செல்லில் செல்லாது. அங்கே பெருக்கல் என்றால் * தான். ராஜபாளையம் நூற்பாலையில் நூல் கவுண்ட் போட்டாலும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடையில் எடையை விலையால் பெருக்கினாலும் இந்த நட்சத்திரம் இல்லாமல் நடக்காது.

× குறியை 1631-இல் தன் கணித நூலில் அச்சேற்றியவர் இங்கிலாந்தின் வில்லியம் ஆட்ரெட். அது எக்ஸ் எழுத்தைப் போலிருக்கிறது, குழப்பும் என்று ஜெர்மானியக் கணித அறிஞர் லைப்னிட்ஸ் பின்னாளில் முகம் சுளித்தார். கணினிக்காரர்களுக்கும் அதே சிக்கல் வந்தது. துளை அட்டை இயந்திரத்தில் × கிடையாது. எக்ஸ் எழுத்தோ மாறியின் பெயராகிவிட்டது. கணக்குத் தாள்களில் ஏற்கெனவே புழங்கிய * கைவசம் இருந்தது. 1957-இல் ஐபிஎம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழி அதைப் பெருக்கலுக்கு அமர்த்தியது. ÷ இடத்துக்குச் சாய்கோடு வந்தது.

1979-இல் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தபோது நட்சத்திரத்துக்குத் தனி முன்னுரிமை இல்லை. இடமிருந்து வலமாகத்தான் கணக்கு ஓடும். 1+2*3 என்றால் விடை 9. இன்றைய எக்செல் பெருக்கலை முதலில் முடித்து 7 என்கிறது. ஆனால் பெருக்கலும் வகுத்தலும் சம அந்தஸ்து. அவை இரண்டும் சேர்ந்து வந்தால் இன்றும் இடமிருந்து வலம்தான். நம் ஆட்கள் இடறுவது இங்கேதான்.

நூற்பாலைச் சோதனைக்கூடத்தில் 120 கஜ நூலைச் சுற்றி எடுத்து எடை போடுவார்கள். அதற்கு 'லீ' என்று பெயர். எடை 1.62 கிராம் இருந்தால் அது நாற்பதாம் நம்பர் நூல். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை இருக்கிறதோ அதுதான் கவுண்ட்; பவுண்டுக்கு 453.6 கிராம்.

=453.6*120/840*1.62

என்று அடித்தால் 104.976 வரும். 840-ஆல் வகுத்த கையோடு எக்செல் 1.62-ஆல் பெருக்கிவிடுகிறது. எடையாலும் வகுக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

=453.6*120/(840*1.62)

இப்போது சரியாக 40. தவறான ஃபார்முலாவும் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் ஒரு எண்ணைத் தந்துவிடும் என்பதுதான் ஆபத்து. அந்த எண்ணை நம்பி மெஷினில் கை வைத்தால் நூல் முழுக்க வீண்.

ஆகவே, வகுக்க வேண்டியவை ஒன்றுக்கு மேல் இருந்தால் அடைப்புக்குறிக்குள் போட்டுவிடுங்கள். புது ஃபார்முலா எழுதியதும் விடை தெரிந்த ஒரு கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள். 1.62 கொடுத்து 40 வந்த பிறகு மற்ற வரிசைகளுக்கு இழுத்துவிடலாம்.