வன்னிக் குளங்களும் தூண்டிற் கலையும்

வன்னியின் வரலாறு குளங்களின் வரலாறேயாம். பாலியாற்றைத் தேக்கிய வவுனிக்குளமும், பேராற்றை மறித்த முத்தையன்கட்டும், கனகராயன் ஆற்றினால் நிறையும் இரணைமடுவும் நெல்விளைத்த வரலாற்றை அறிஞர் பலர் ஆராய்ந்துளர். அக்குளக்கரைகளில் அமர்ந்து மீன்பிடித்தோரின் கருவியறிவோ அத்துணைக் கவனம் பெற்றிலது. அதுவும் நம் முன்னோர் தேடிய அறிவுச் செல்வமே என்பதை இக்கட்டுரையிற் காண்போம்.

தூண்டிலின் தொன்மைக்குச் சங்க நூல்கள் சான்றாகும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பெரும்பாணாற்றுப்படையில் நீண்ட மூங்கிற்கோல், நாண், வளைந்த இரும்புமுள், அதனை மறைத்த இரை, இரையிடும் தோற்பை ஆகிய ஐந்தும் கூறப்பட்டுள. முள்ளிற் சிக்காது இரையை மட்டும் கவர்ந்த வாளைமீன், பின்னர் நீரருகே அசையும் பிரம்பின் நிழலையுங் கண்டு அஞ்சிற்றாம். தன் நிழலும் கோலின் நிழலும் நீரில் விழாதவாறு அமர்தல் தூண்டிற்காரனுக்கு இன்றும் முதற்பாடமன்றோ!

குளத்து மீன்களுள் விரால் சிறப்புடையது. அது பாசியும் தாமரைக்கொடியும் அடர்ந்த இடத்தில் மறைந்திருந்து, மேலே அசையும் தவளையைத் தாவிப் பற்றும். ஆதலின் அதற்கு வலிய கோலும் குறுகிய நூலும் வேண்டும். நூல் நீண்டால் மீன் கொடிகளிற் புகுந்து அறுத்துச் செல்லும். கெண்டைக்கோ மெல்லிய கோலும் சிறுமுள்ளும் மண்புழுவும் போதும். மூங்கிலை முற்றியதாகத் தெரிந்து, நிழலில் உலர்த்தி, வளைவை அனலிற் காட்டி நிமிர்த்தி, எண்ணெய் பூசி வைத்தால் அது நெடுநாள் உழைக்கும். முள்ளைத் துடைத்து உலர்த்தாவிடின் துருவேறும். முனை மழுங்கின் கல்லில் தீட்டல் வேண்டும்.

மலைநாட்டிலோ வேறொரு மரபு தோன்றிற்று. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயர் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளில் திரவுட் மீனை வளர்த்தனர். நூல்சுற்றும் உருளை பூட்டிய கோலும், இறகாற் செய்த பொய்ப்பூச்சியும் அவர்தம் கருவிகள். தெளிந்த ஓடைக்கு அவை பொருந்தின. கொடியடர்ந்த குளத்திற்கு வன்னியான் கோலே பொருந்திற்று. நீரும் மீனுமே கருவியை வகுக்கின்றன என்பது இதனாற் புலனாகும்.

1952ஆம் ஆண்டில் ஆபிரிக்கத் திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அது குளங்களிற் பெருகவே, நைலோன் செவுள்வலையும் பரவிற்று. ஏழைக்கு மலிவான உணவு கிடைத்தமை பெரும்பயனே. ஆயினும் தூண்டில் பின்னொதுங்கிற்று. 2009 வரை நீடித்த போரும் இடப்பெயர்வும், மூத்தோர் இளையோர்க்குக் கரையில் அமர்ந்து கற்பிக்கும் தொடர்ச்சியை மேலும் குலைத்தன.

இவ்வறிவு அழிவதால் இழப்பென்ன என்று சிலர் வினவலாம். விரால் தன் செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைப் பிரியாது காக்கும் இயல்பினது. அவ்வேளை தூண்டிலை எளிதிற் கவ்வும். தாயையும் தந்தையையும் பிடித்துவிடின் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகும். மீனின் இயல்பறிந்தவனே அக்கூட்டத்தைக் கண்டவுடன் கோலை மடக்குவான். அறியாதவன் ஒருநாட் கறிக்காக ஒரு தலைமுறையையே அழிப்பான். பிடிக்கும் அறிவோடு விடும் அறிவும் சேர்ந்ததே கலை. மாணவர் தத்தம் ஊர்க் குளக்கரை முதியோரை அணுகி இதனைக் கேட்டெழுதி வைப்பாராயின், அது வன்னி வரலாற்றுக்குச் செய்யும் நற்றொண்டாகும்.