தஞ்சை நம்பிய சுவார்ட்ஸ் ஐயர்

'நம்பிக்கை' என்னும் சொல்லை நாம் இரு பொருள்பட வழங்குகிறோம். கண்ணுக்குப் புலனாகாத இறைவன் தன்னுடன் இருக்கிறான் என்று ஒருவன் உறுதி கொள்வது நம்பிக்கை. கண்முன் நிற்கும் மனிதனுடைய வாய்ச்சொல்லை மெய்யென்று ஏற்பதும் நம்பிக்கையே. முன்னது சமயத்தின்பாற் பட்டது. பின்னது உலகியலின்பாற் பட்டது. முன்னது உண்மையாக இருக்குமானால் அது பின்னதை ஈட்டித் தரும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சை வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. அச்சான்று, தமிழ் மக்களால் 'ஐயர்' என்று அழைக்கப்பட்ட செருமானியப் பாதிரியார் கிறிஸ்டியன் பிரெடெரிக் சுவார்ட்ஸ் என்பவரின் வாழ்க்கையாகும்.

சுவார்ட்ஸ் 1726-ஆம் ஆண்டு பிரஷ்ய நாட்டில் சோன்னன்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்தார். ஹாலே நகரில் கல்வி பயின்றபோது, தமிழகத்தில் சமயத் தொண்டாற்றித் திரும்பியிருந்த பெஞ்சமின் ஷுல்ட்ஸ் தமிழ் விவிலியத்தை அச்சிட முயன்றுகொண்டிருந்தார். அப்பணிக்கு உதவும் பொருட்டுச் சுவார்ட்ஸ் தமிழ் கற்கத் தொடங்கினார். அந்த அச்சுப் பணி நிறைவேறவில்லை. ஆயினும் கற்ற தமிழ் வீண்போகவில்லை. 1750-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் தரங்கம்பாடி வந்து சேர்ந்த அவர், அவ்வாண்டு நவம்பரிலேயே சீகன்பால்கு கட்டிய தேவாலயத்தில் தமிழில் உரையாற்றினார். ஒரு மக்களுக்குத் தொண்டு செய்ய விரும்புவோர் முதலில் அவர்கள் மொழிக்கு மாணவராக வேண்டும் என்பதை அவர் கடல் கடக்கும் முன்னரே உணர்ந்திருந்தார் எனலாம்.

1762-ஆம் ஆண்டு முதல் திருச்சிராப்பள்ளி அவருடைய பணிக்களமாயிற்று. அங்கே ஒரு பழைய கட்டடத்தில், கட்டிலும் அவரும் கொள்ளுமளவே இடமுள்ள ஓர் அறையில் அவர் தங்கியிருந்தார். நம் மக்கள் சமைக்கும் முறையில் ஆக்கிய சோறும் காய்கறியுமே உணவு. கருஞ்சாயம் தோய்த்த பருத்தித் துணியே உடை. திருமணம் செய்துகொள்ளவில்லை, தாய்நாட்டுக்குத் திரும்பவுமில்லை. போர்களும் முற்றுகைகளும் ஓயாத அக்காலத்தில், காவற்படைக்குச் சமயப்பணி செய்ததற்காகக் கிடைத்த ஊதியமும் பள்ளிகளுக்கும் ஏழைகளுக்குமே பெரிதும் பயன்பட்டது. நாளைக்கு வேண்டியதை இறைவன் தருவான் என்று உண்மையாகவே எண்ணியவர்க்கு இன்று பொருள் சேர்க்கும் தேவை எழவில்லை.

கை தூய்மையாக இருந்தமையால் சொல்லுக்கு வலிமை வந்தது. 1779-இல் சென்னை ஆளுநர் இரம்போல்டு, மைசூர் மன்னர் ஹைதர் அலியிடம் தூது செல்லுமாறு அவரை வேண்டினார். கும்பினியார் அனுப்பும் பிறரை ஹைதர் நம்பவில்லை. இப்பாதிரியார் ஏமாற்றமாட்டார் என்று மட்டும் நம்பினார். போர் வாராமல் தடுக்கலாம் என்ற எண்ணத்தோடு சுவார்ட்ஸ் புறப்பட்டுச் சீரங்கப்பட்டணம் சேர்ந்தார். அரசியல் தூதராகச் சென்ற இடத்திலும் அவர் தம் தொண்டை மறக்கவில்லை. ஹைதரின் படையிலிருந்த ஐரோப்பியப் போர்வீரரைக் கூடாரத்தில் கூட்டி வழிபாடு நடத்தினார், தடுப்பார் ஒருவருமில்லை. வழிச்செலவுக்கென்று ஹைதர் அளித்த முந்நூறு உரூபாயைச் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். அவர்கள் அதை ஏற்க மறுக்கவே, தஞ்சையில் ஆதரவற்ற சிறுவர்க்கான பள்ளிக்கு அது முதற்பொருளாயிற்று.

ஆனால் அமைதி நிலைக்கவில்லை. 1780-இல் போர் மூண்டது. நன்னோக்கத்தோடு சென்ற தூதரின் தூய்மை, அவரை அனுப்பியவர்களின் செயல்களுக்கு ஈடு செய்ய இயலவில்லை. எனினும் போர்க்காலத்திலும் அப்பாதிரியாரைத் தடையின்றிச் செல்லவிடுமாறு ஹைதர் தம் படையினர்க்கு ஆணையிட்டிருந்தார். பகைவரும் மதிக்கும் நம்பிக்கை இதுவே அன்றோ!

அப்போர் தஞ்சையைப் பஞ்சத்தில் ஆழ்த்தியது. பட்டினியால் மாண்டவர் உடல்கள் தெருக்களில் கிடந்தன. நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொணர எருதுகள் இல்லை. முன்னர்க் கொடுத்த நெல்லுக்கும் உழைப்புக்கும் உரிய விலை பெறாத உழவர்கள் மன்னரையும் நம்பவில்லை; ஆங்கிலேயரையும் நம்பவில்லை. தம் சொல்லுக்கு மதிப்பில்லை என்பதை உணர்ந்த மன்னர் துளஜா, மக்கள் பாதிரியாரையேனும் நம்புவார்களா என்று பார்க்கலாம் என எண்ணினார். சுவார்ட்ஸ் ஊர்தோறும் ஓலை விடுத்தார். உரிய பணத்தைத் தம் கையால் தருவதாக உறுதி கூறினார். ஓரிரு நாட்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட எருதுகள் வந்தன. குறுகிய காலத்தில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் சேர்ந்தது. வாக்களித்தபடி ஒவ்வொருவருக்கும் பணம் கிடைத்தது. அரண்மனையாலும் படையாலும் ஆகாததை ஒரு மனிதரின் சொல் ஆக்கிற்று.

போருக்குப் பின்னும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று நடந்தது. அதிகாரிகளின் கொடுமை தாங்காமல் குடிபெயர்ந்த உழவர்கள், அரசாங்கம் எத்துணை உறுதி கூறியும் திரும்பவில்லை. சுவார்ட்ஸ் வாக்களித்த பின்னர் ஒரே நாளில் ஏறத்தாழ 7,000 பேர் திரும்பினர். விதைப்புக் காலம் கடந்துவிடும் என்று அவர் நினைவூட்டியபோது, இரவும் பகலும் உழைத்து ஈடு செய்வதாக அவர்கள் கூறினர்.

ஆராயாமல் எவரையும் நம்பலாகாது என்று அரசர்க்குத் 'தெரிந்து தெளித'லை வகுத்தார் வள்ளுவர். தஞ்சை உழவர் படிப்பால் அல்ல, பட்டறிவால் அவ்வாறு தெரிந்து தெளிந்தவர்கள் ஆவர்.

சுவார்ட்ஸ் குறையே இல்லாதவர் என்பது நம் கருத்தன்று. சபைக்குள் நிலவிய சாதி வேற்றுமையை அவர் வேரோடு களையவில்லை. 1787-இல் இறக்கும் தறுவாயில் இருந்த துளஜா, தத்தெடுத்த சிறுவன் சரபோஜியை அவரிடம் ஒப்படைக்க விரும்பினார். சுவார்ட்ஸ் அப்பொறுப்பை மன்னரின் தம்பி அமர்சிங்கிடம் விடும்படி அறிவுரை கூறினார். பின்னர் அமர்சிங்கே அரியணை ஏறினார், சிறுவன் அல்லலுற்றான். தாம் கூறிய அறிவுரையின் விளைவைக் கண்ட சுவார்ட்ஸ், 'இறைவன் பார்த்துக்கொள்வான்' என்று வாளா இருக்கவில்லை. சிறுவனின் நலனுக்காக அதிகாரிகளிடம் இடைவிடாது வாதாடினார். 1793-இல் சரபோஜி பாதுகாப்பாகச் சென்னைக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கல்வி பெற வழி செய்தார். இறைவன் உடனிருக்கிறான் என்ற துணிவு, தம் பிழையை நேருக்கு நேர் காணும் துணிவையும் அவருக்குத் தந்தது. இத்துணிவே அவர் வாழ்வில் நாம் பெரிதும் கருதத் தக்கது.

1798-ஆம் ஆண்டு பிப்ரவரி 13-ஆம் நாள் சுவார்ட்ஸ் தஞ்சையில் காலமானார். அடக்கத்தின்போது ஏழை மக்களின் அழுகுரலால் பாடல் பாடவும் இயலாதிருந்தது. சரபோஜி நேரில் வந்து, கண்ணீர் விட்டு, உடலின்மீது பொன்னாடை போர்த்தினார். அதே ஆண்டில் சரபோஜி மன்னரானார். சரசுவதி மகால் நூலகத்தை வளர்த்த இம்மன்னர் இறுதிவரை தம் முன்னோர் சமயத்திலேயே நின்றார். எனினும் இங்கிலாந்துச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு தம் காப்பாளருக்குப் பளிங்கு நினைவுச் சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையில் கிடக்கும் பாதிரியாரின் கையை மன்னர் பற்றி நிற்கும் அச்சிற்பம் தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் உள்ளது.

ஆசிரியத் தொழிலில் இருப்போர் இவ்வரலாற்றை இன்னொரு நோக்கிலும் எண்ணலாம். மாணவன் நம் சமயத்தைச் சார்ந்தவனாக இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். நாம் எந்த இறைவனை நம்புகிறோம் என்று அவன் ஆராய்வதில்லை. நம் சொல்லை நம்பலாமா என்பதையே நாள்தோறும் பார்க்கிறான். தஞ்சையின் உழவரும் அதையே பார்த்தனர். சுவார்ட்ஸ் ஐயரின் வழிபாட்டை அவர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. ஆனால் அவர் சொல்லை நம்பித் தம் எருதுகளை ஓட்டி வந்தனர்.