ஆள் சேர்ப்பதா, நிலைக்கச் செய்வதா? கலிஃபோர்னியச் சிறைகளின் மனநல மருத்துவம்

சிறைவாசிகளுக்கு மனநல மருத்துவர் ஏன் கிடைப்பதில்லை என்று கேட்டால், நாட்டிலேயே அத்துறையினர் குறைவு என்பதே நிர்வாகங்கள் தரும் விடை. இது பொய்யன்று, முழு உண்மையுமன்று. பற்றாக்குறையின் ஒரு பகுதியைச் சிறை அமைந்த இடமும் அதன் பணிச்சூழலுமே உண்டாக்குகின்றன. எனவே ஊதியத்தை உயர்த்தி ஆள் சேர்க்கும் கொள்கை தனித்து வெற்றிபெறாது. இவ்வாதத்துக்கு அமெரிக்காவின் கலிஃபோர்னியா நீண்ட சான்றாகும்.

கைதியின் கடுமையான மருத்துவத் தேவையை அறிந்தே புறக்கணிப்பது கொடூரத் தண்டனையைத் தடுக்கும், அரசமைப்பின் எட்டாம் திருத்தத்துக்கு முரணானது என்று 1976இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1990இல் தொடுக்கப்பட்ட கோல்மன் வழக்கில், கலிஃபோர்னியச் சிறைகளின் மனநலச் சிகிச்சை அத்திருத்தத்தை மீறுவதாக 1995இல் கூட்டாட்சி நீதிமன்றம் கண்டது. சிறை நெரிசல் குறித்து உச்ச நீதிமன்றம் 2011இல் அளித்த பிளாட்டா தீர்ப்பில் மனநல மருத்துவர் பணியிடங்களில் 54.1 விழுக்காடு காலியாக இருந்தது பதிவாகியுள்ளது. அதே தீர்ப்பின் மற்றொரு கூற்று இதைவிட முக்கியமானது: அவ்விடங்களை நிரப்பினாலும், வருபவர்கள் பணியாற்றப் போதிய இடம் சிறைகளில் இல்லை. நெரிசல் நோயாளியை வாட்டியதோடு மருத்துவரையும் விரட்டியது.

இட அமைவு அடுத்த காரணம். 1980களுக்குப் பின் எழுந்த சிறைகள் பல பெருநகரங்களுக்குத் தொலைவில் அமைந்தன. 1989இல் திறக்கப்பட்ட பெலிகன் பே சிறை ஒரிகன் எல்லையை ஒட்டிய கிரசென்ட் சிட்டிக்கு அருகில் உள்ளது. ஹை டெசர்ட் சிறை மலைப்புறச் சூசன்வில்லில். நலிந்த சிற்றூர்களுக்குச் சிறை வேலைவாய்ப்பாகத் தெரிந்தது. காவலரை அவ்வட்டாரத்திலேயே தேர்ந்து பயிற்றுவிக்கலாம். பல ஆண்டுகள் பயின்ற மனநல மருத்துவரை அப்படி உருவாக்க இயலாது; அவர் குடும்பத்தோடு இடம்பெயர வேண்டும்.

கையாளப்படும் தீர்வுகள் இவ்விரு காரணங்களையும் ஓரளவே தொடுகின்றன. பற்றாக்குறையுள்ளவை என அறிவிக்கப்பட்ட இடங்களில் பணியாற்றுவோரின் கல்விக்கடனைக் கூட்டாட்சி அரசின் தேசிய சுகாதாரப் பணிப்படை அடைக்கிறது. தகுதியுள்ள சிறைகளும் இதில் அடங்கும். ஆனால் முழுநேரப் பணிக்கான தொடக்க ஒப்பந்தம் இரண்டு ஆண்டுகளே. நோயாளி நம்பிப் பேசத் தொடங்கும் வேளையில் மருத்துவர் விடைபெற்றுச் செல்லக்கூடும். காணொளி வழி மருத்துவம் மருந்தைச் சீரமைக்க உதவும். தற்கொலை எண்ணத்தில் தவிப்பவரின் அறைவாசலில் நிற்க அதனால் முடியாது.

தகுதியானோர் கிடைக்கவில்லை என்ற வாதம் மாநிலத்தை முழுமையாகக் காக்கவில்லை. மனநலப் பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் காலி கூடாது என்ற நீதிமன்ற ஆணையை நிறைவேற்றாததை 2024இல் கூட்டாட்சி நீதிபதி நீதிமன்ற அவமதிப்பாகக் கண்டு, 10 கோடி டாலருக்கும் மேற்பட்ட தண்டத்தொகை விதித்தார். ஆயினும் தண்டத்தொகை மருத்துவரைப் பிறப்பிக்காது என்ற எதிர்வாதம் நியாயமானதே. அந்த நியாயம் நம்மை வேறொரு முடிவுக்கே இட்டுச்செல்கிறது: மருத்துவர் தொலைவுக்கு வரமாட்டார் எனில், கடும் மனநோயுள்ள கைதியை மருத்துவக் கல்லூரிகளுக்கு அருகிலுள்ள சிறைகளுக்கு மாற்றலாம். தனித்துப் பேச அறை, வரையறுத்த நோயாளி எண்ணிக்கை, காவலதிகாரியால் மீற முடியாத மருத்துவ முடிவு ஆகியன அங்கு உறுதிசெய்யப்பட வேண்டும். இவை இல்லாத பணியிடத்துக்கு எவ்வளவு ஊதியம் அறிவித்தாலும், அது மீண்டும் காலியாவதற்கே நிரப்பப்படும்.