கரைக்கு அடியில் கப்பல்கள்

வாஷிங்டனுக்குச் சற்றுத் தெற்கே, பொட்டோமாக் ஆற்றங்கரையில் இருக்கிறது அலெக்சாந்திரியா. 1749-ல் புகையிலை ஏற்றுமதித் துறைமுகமாகத் தோன்றிய ஊர், தலைநகரைவிட மூத்தது. அதன் செங்கல் வீடுகளும் கல் பாவிய தெருக்களும் தற்செயலாக எஞ்சியவை அல்ல. 1946-லேயே ஊரின் பழைய பகுதியைச் சட்டத்தின் காப்பில் வைத்தார்கள்.

ஆனால் எதையெல்லாம் காத்தார்கள்?

இன்று மக்கள் மாலை உலாவும் கரையின் பெரும்பகுதி ஒருகாலத்தில் ஆறாகவே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டு வணிகர்கள் ஆழமற்ற விரிகுடாவைத் தூர்த்து நிலமாக்கினர். தூர்க்க மண்ணோடு பழைய கப்பல்களையும் இட்டனர். 2015-லும் 2018-லும் புதிய கட்டடங்களுக்காகத் தோண்டியபோது நான்கு கப்பல்களின் எச்சங்கள் வெளிப்பட்டன.

ஆற்றிலிருந்து டியூக் தெரு வழியே மேற்கே நடந்தால் அரைமணிக்குள் 1315ஆம் எண் வீடு வரும். 1828 முதல் 1836 வரை ஃபிராங்க்ளின், ஆர்ம்ஃபீல்டு என்ற இருவர் கறுப்பின மக்களை இங்கே அடைத்துவைத்து, நியூ ஆர்லியன்ஸ், நாச்சஸ் சந்தைகளுக்கு அனுப்பினர். அவர்களுக்குப் பின்னும் அவ்வீட்டில் அடிமை வணிகம் நடந்தது. 1847-ல் ஊர் தலைநகர் மாவட்டத்தை விட்டு வர்ஜீனியாவோடு மீண்டும் சேர்ந்தது. தலைநகரில் அவ்வணிகத்தைத் தடைசெய்துவிடுவார்கள் என்ற அச்சமும் அதற்கொரு காரணம். 1850-ல் தடை வந்தது. அலெக்சாந்திரியாவிலோ 1861-ல் வடக்குப் படை நுழையும்வரை விற்பனை தொடர்ந்தது.

2020-ல் அவ்வீட்டை நகராட்சி வாங்கியது. இன்று அது அருங்காட்சியகம். கப்பல்களை மண்ணிலிருந்துதான் தோண்ட வேண்டியிருந்தது. இவ்வீடோ எப்போதும் தெருவில்தான் நின்றது. பழமையோடு வாழ்வதென்றால் அதன் வாசலையும் கடந்து நடப்பதுதான்.