வாதநோய் வைத்தியரும் இணையவழிச் சுயபரீட்சையும்

வைத்தியர் ஒருவர் பட்டம் பெற்ற நாளோடு மாணவராக இருப்பதை விட்டுவிடலாகாது என்பதை மறுப்பவர் எவருமில்லை. ஆயினும் தம் அறிவில் எங்கே குறை நேர்ந்திருக்கிறது என்பதை அவர் தாமே கண்டு தாமே திருத்திக்கொள்ள வல்லவரா, அன்றிப் பிறர் வகுத்த கேள்விகளுக்கு விடையளித்துப் பார்த்தாலன்றி அக்குறை அவருக்குப் புலப்படாதா என்ற வினாவுக்கு இன்றளவும் ஒருமித்த விடை கிடைக்கவில்லை. அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி தன் உறுப்பினர்களுக்காகச் சுயபரீட்சை வினாத்தொகுதிகளை வெளியிட்டு வருகிறது; ஐரோப்பாவில் 'இயூலர்' எனப்படும் வாதநோய்ச் சங்கங்களின் கூட்டமைப்பு இணையவழிப் பாடத்திட்டங்களை நடத்துகிறது; அமெரிக்க உள்மருத்துவ வாரியமோ சான்றிதழைக் காத்துக்கொள்வதற்கான பரீட்சையையே இணையத்தின் வழியாக வைத்தியரின் மேசைக்குக் கொண்டுவந்துவிட்டது. இம்முயற்சிகளை வெறும் வசதியாகக் கருதிப் பாராட்டுவோரும், வீண் சுமையாகக் கருதி வெறுப்போரும் உண்டு. இத்தகைய பரீட்சை வேண்டப்படுவதற்கு இவ்விரு சாராரும் கவனியாத காரணம் ஒன்று வாதநோய்களின் சுபாவத்திலேயே இருக்கிறது என்பதும், அதனை உணர்ந்தால் சுயபரீட்சை எத்தகையதாக இருக்கவேண்டும் என்பது தானே விளங்கும் என்பதும் இக்கட்டுரையில் நிலைநாட்ட முயலும் கருத்தாகும்.

மருத்துவத்தின் வேறு பல துறைகளில் தவறு விரைவிலேயே தன்னை வெளிக்காட்டிக்கொள்கிறது. அறுவை வைத்தியர் கட்டிய இரத்தக்குழாய் நெகிழ்ந்தால் அன்றிரவே அது தெரிந்துவிடும். மயக்கமருந்தின் அளவு மிகுந்தால் சில நிமிஷங்களில் நாடியும் சுவாசமும் அதனை அறிவித்துவிடும். அத்தகைய துறைகளில் அனுபவம் என்பது கண்டிப்பான ஆசிரியனாகவே விளங்குகிறது. வாதநோய்களிலோ அனுபவம் அவ்வளவு நேர்மையான ஆசிரியன் அன்று. யூரிக் அமிலம் படிந்து கால் பெருவிரலில் எழும் கௌட் வாதத்தின் வேதனை, மருந்தே கொடாவிட்டாலும் ஓரிரு வாரங்களில் தானாகத் தணியக்கூடியது. முடக்குவாதம் ஒரு மாதம் மூண்டெழுந்தும் மறு மாதம் அடங்கியும் நடப்பது. லூபஸ் நோயோ பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து பிறகு விழித்தெழுவதும் உண்டு. வலி உச்சத்தில் இருக்கும்போதே நோயாளி வைத்தியரைத் தேடி வருகிறாராதலால், அதற்குப் பின் வருவது பெரும்பாலும் தணிவாகவே இருக்கும். அத்தணிவு நோயின் இயல்பினால் வந்ததா, மருந்தின் குணத்தினால் வந்ததா என்று பிரித்தறிய வழியின்றி, இருவருமே அதனை மருந்தின் கணக்கிலும் வைத்தியரின் கணக்கிலும் வரவு வைத்துவிடுகின்றனர். இவ்வாறு தகுதியற்ற சிகிச்சைக்கும் வெற்றியின் தோற்றம் கிடைத்துவிடுகிறது.

தீமை விளையும்போதும் அது மெல்லவே விளைகிறது. லூபஸ் நோயாளர்க்கு நெடுங்காலம் கொடுக்கப்படும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்னும் மருந்தை உதாரணமாகக் கொள்வோம். உயரத்துக்கேற்ற இலட்சிய எடையில் கிலோவுக்கு 6.5 மில்லிகிராம் என்ற தினசரி வரம்பே 2011ஆம் ஆண்டு அமெரிக்கக் கண் மருத்துவ அகாதெமி வெளியிட்ட அறிவுரையில் இருந்தது. 2014இல் வட கலிபோர்னியாவின் கைசர் பெர்மனென்டே மருத்துவ அமைப்பின் ஏடுகளிலிருந்து, இம்மருந்தை ஐந்தாண்டுகளுக்கு மேல் உண்ட 2,361 பேரின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, அவர்களில் 7.5 விழுக்காட்டினருக்கு விழித்திரை நஞ்சூட்டம் இருந்தது தெரியவந்தது. நோயாளியின் உண்மையான எடையில் கிலோவுக்கு 4 முதல் 5 மில்லிகிராம் வரை உண்டவர்களிடத்தில் முதல் பத்தாண்டுகளில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்த இவ்வபாயம், இருபது ஆண்டுகளுக்குப் பின் 20 விழுக்காட்டை நெருங்கியது. இதன் பயனாக 2016இல் அகாதெமி தன் வரம்பை உண்மையான எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என மாற்றியமைத்தது. 2012இல் பயிற்சி முடித்து, அன்றைய நூல்கள் கூறியதைச் சிரத்தையோடு கற்று, அதன்படியே இன்றும் மருந்து எழுதிவரும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருடைய நோயாளிகள் சுகமாக இருப்பதாகவே சொல்வார்கள். பார்வை மங்கத் தொடங்கும்போது அவர்கள் செல்வது வேறொரு வைத்தியரிடம். மருந்து எழுதியவரின் அறிவு பழுதுபட்டதை அறிவிக்கும் சம்பவம் எதுவும் அவர் அறையில் நிகழாது.

மருந்துகளுக்கிடையே உள்ள வேற்றுமை மிக நுண்ணியதாக இருக்கும்போது தனி அனுபவம் இன்னும் சக்தியற்றதாகிவிடுகிறது. டோஃபாசிடினிப் என்ற மருந்து 2012இல் அமெரிக்காவில் முடக்குவாதத்துக்கு அனுமதிக்கப்பட்டது. ஐம்பது வயதைக் கடந்து, இருதய நோய்க்கான ஏதுக்களில் ஒன்றேனும் உடைய 4,362 நோயாளிகளிடத்தில் அதனை டி.என்.எஃப். தடுப்பு மருந்துகளோடு ஒப்பிட்டு நடத்திய சோதனையில், மாரடைப்பு முதலிய பெரும் இருதய விபத்துகள் டோஃபாசிடினிப் உண்டவர்களில் 3.4 விழுக்காடாகவும் மறுசாராரில் 2.5 விழுக்காடாகவும் இருந்தன. புற்றுநோய் முறையே 4.2 விழுக்காடும் 2.9 விழுக்காடும் ஆகும். 2021இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதன்மேல் கடுமையான எச்சரிக்கை பிறப்பித்தது. ஆயிரம் பேருக்கு ஒன்பது பேர் என்ற இந்த வித்தியாசத்தை எத்தகைய கூர்மதி படைத்த வைத்தியரும் தம் நோயாளிகளைப் பார்த்துக் கண்டுவிட முடியாது. முதிர்ந்தவர் எவரேனும் 'நான் இதனைப் பலருக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருவருக்கும் கெடுதல் நேரவில்லை' என்று கூறுவாராயின், அது பொய்யன்று. ஆனால் பிரமாணமும் அன்று.

நோய் உண்மையை மறைக்கிறது என்றால், வைத்தியரின் மனமாவது தன் குறையைக் காட்டிக்கொடுக்குமா? 2006இல் டேவிஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட தொகுப்பாய்வு இதற்கு விடையளிக்கிறது. வைத்தியர் தம்மைப் பற்றித் தாமே செய்த மதிப்பீட்டையும் புறத்தே அளந்தறிந்த திறமையையும் அருகருகே வைத்துப் பார்த்த இருபது ஒப்பீடுகளில், பதின்மூன்று ஒப்பீடுகளில் இரண்டுக்கும் சொற்பமான தொடர்போ, தொடர்பின்மையோ, எதிரிடையான தொடர்போதான் காணப்பட்டது. திறமை மிகக் குறைந்தவர்களிடத்திலும் தன்னம்பிக்கை மிகுந்தவர்களிடத்திலுமே மதிப்பீடு மிகவும் பிழைத்திருந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் சௌத்ரி முதலியோர் செய்த மற்றொரு தொகுப்பாய்வு, தொழிலில் ஆண்டுகள் ஏற ஏறச் சிகிச்சையின் தரம் உயராமல், தொகுத்த ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் தாழ்ந்தே வந்ததாக எடுத்துக்காட்டியது. வணிகன் எத்துணை யோக்கியனாயினும் தன் படிக்கல்லுக்குத் தானே முத்திரையிட்டுக்கொள்ள அனுமதிப்பதில்லை. நாணயத்தில் சந்தேகம் இருப்பதனால் அன்று, நாள்பட்ட உபயோகத்தில் கல் தேய்வதை அதனைத் தினமும் கையாள்பவனே உணரமாட்டான் என்பதனால்தான். ஆகவே, தமக்கு எது தெரியாது என்பதை வைத்தியரே தீர்மானித்து, அதற்கேற்ற சொற்பொழிவைத் தாமே தேர்ந்துகொள்ளும் வழக்கமான தொடர்கல்வி, அடிப்படையிலேயே பலவீனமுடையது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் வகுத்த ஒழுக்க விதிகள் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்கின்றன. மணிக்கணக்கு மண்டபத்தில் அமர்ந்திருந்ததற்குச் சாட்சியாகுமேயன்றி மனம் மாறியதற்குச் சாட்சியாகாது.

வினாவுக்கு விடையளிப்பது அறிவை அளப்பதோடு நில்லாமல் அறிவை உறுதிப்படுத்தவும் செய்கிறது என்பது இங்கே கருதத்தக்க மற்றொரு விஷயம். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட சோதனையில், ஒரு பகுதியை மீண்டும் வாசித்தவர்கள் ஐந்து நிமிஷங்களுக்குப் பின் 81 விழுக்காட்டை நினைவுகூர்ந்தனர். வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் 75 விழுக்காட்டையே நினைவுகூர்ந்தனர். ஒரு வாரம் கழிந்ததும் நிலை தலைகீழாயிற்று: மீண்டும் வாசித்தவர்கள் 42 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடு. பயிற்சி வைத்தியர்களைக் கொண்டு செய்து 2009இல் வெளியான சோதனையிலும், திரும்பத் திரும்பப் பரீட்சிக்கப்பட்டவர்கள் ஆறு மாதங்களுக்குப் பின் 39 விழுக்காடும், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 26 விழுக்காடும் பெற்றனர். மீள்வாசிப்பு தெரிந்துவிட்டது என்ற பிரமையை உண்டாக்குகிறது. மீட்டெடுக்கும் பிரயாசையோ ஞாபகத்தை வேரூன்றச் செய்கிறது. சொற்பொழிவு கேட்டுத் திருப்தியோடு வீடு திரும்பும் வைத்தியருக்கும், கேள்வி ஒன்றில் இடறிச் சற்றே சினத்தோடு எழுந்திருக்கும் வைத்தியருக்கும் இடையே கல்வி நேர்ந்தது யாருக்கு என்பது இதனால் விளங்கும்.

இணையம் இவ்வுபாயத்துக்கு அளித்திருக்கும் உண்மையான பலம் தூரத்தைக் குறைத்ததில் இல்லை. காலத்தைப் பங்கிட்டு வைக்கக் கற்றுக்கொடுத்ததில் இருக்கிறது. 2022இல் அமெரிக்க உள்மருத்துவ வாரியம் தொடங்கிய நீள்கால அறிவு மதிப்பீட்டில், மூன்று மாதத்துக்கு 30 வினாக்கள் வைத்தியருக்கு வருகின்றன. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிஷம். நூல்களைப் புரட்டிப் பார்க்கத் தடையில்லை. விடையளித்தவுடன் சரியும் தவறும் விளக்கத்தோடு கிடைக்கின்றன. நூலைப் பார்த்து விடையளிப்பது பரீட்சையாகுமா என்று சிலர் நகைக்கலாம். நோயாளியின் முன்னிலையிலும் ஐயம் எழுந்தால் நூலைப் பார்ப்பதுதானே முறை? ஆனால் ஆட்சேபத்துக்குரிய இடம் வேறு. ஐயமுற்றவரே நூலைத் தேடுவார். ஐயமின்றித் தவறுபவர் தேடமாட்டார். பழைய வரம்பின்படி ஹைட்ராக்சிகுளோரோகுயினை எழுதும் வைத்தியர் அவ்வளவைச் சரிபார்க்க எண்ணவே மாட்டார். ஆதலின், விடையைக் கேட்பதோடு, அவ்விடையில் அவருக்குள்ள உறுதியையும் முடிவு தெரிவதற்கு முன்னரே கேட்டுக் குறித்துக்கொள்வது இன்றியமையாதது. மயக்கமருந்து வைத்தியர்களுக்கான அமெரிக்க வாரியம் 2014இல் முன்னோட்டமாகத் தொடங்கிய நிமிஷ வினாக்களில் இவ்வழக்கம் உண்டு. ஐயத்தோடு தவறியது சாதாரணமான அறியாமை. நிச்சயத்தோடு தவறியதே நோயாளிக்கு அபாயம் விளைக்கும் அறியாமை.

இவ்வளவு நற்குணங்கள் பொருந்திய சாதனம் வைத்தியரிடையே ஏன் இத்துணை வெறுப்பைத் தேடிக்கொண்டது என்பதை அறியச் சரித்திரத்தைச் சிறிது நோக்கவேண்டும். 1936இல் நிறுவப்பட்ட உள்மருத்துவ வாரியம் நெடுங்காலம் ஆயுட்காலச் சான்றிதழே வழங்கிவந்தது; 1990 முதல் அதன் ஆயுளைப் பத்தாண்டுகளாகக் குறுக்கி, முன்னரே பெற்றவர்களை மட்டும் விதியிலிருந்து விலக்கியது. 2014இல் அனைவரும் இரண்டாண்டுக்கு ஒருமுறையேனும் ஏதாவதொரு கல்விச் செயலை முடிக்கவேண்டும் என்ற விதியோடு, தம் நோயாளிகளிடத்துத் தாமே ஆய்வு செய்து காட்டும் கடமையையும் விதித்தது. கட்டணமும் காலவிரயமும் தம் அன்றாடத் தொழிலோடு ஒட்டாத வினாக்களும் வைத்தியரைக் கொதிப்படையச் செய்தன. 2015 ஜனவரியில் போட்டி வாரியம் ஒன்று தோன்றியது. அடுத்த மாதமே பழைய வாரியத்தின் தலைவர் ரிச்சர்ட் பேரன் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டுச் சில விதிகளை நிறுத்திவைத்தார். எதிர்ப்பாளருக்குத் துணையான சான்றும் உண்டு: 2014 டிசம்பரில் வெளியான ஆய்வொன்று, ஆயுட்சான்றிதழ் பெற்றவர்க்கும் காலவரையறைக்கு உட்பட்டவர்க்கும் இடையே, தவிர்த்திருக்கக்கூடிய மருத்துவமனைச் சேர்க்கைகளில் வேற்றுமை காணவில்லை; செலவின் வளர்ச்சி மட்டும் பின்னவரிடத்தில் சிறிது குறைந்திருந்தது.

எதிர்ப்பாளரின் கூற்றில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்நியாயம் பரீட்சையின் மேல் பாயவில்லை, பரீட்சையைப் பிழைப்புக்கான வாயிற்காவலாக்கியதன் மேல்தான் பாய்கிறது. தவறினால் சான்றிதழ் போகும் என்ற அச்சம் இருக்குமிடத்தில் எவரும் தம் அறியாமையை வெளியிடத் துணியமாட்டார். உறுதி எவ்வளவு என்ற கேள்விக்கு உண்மையான விடையும் கிடைக்காது. கற்பிக்கும் கருவியும் தீர்ப்பளிக்கும் கருவியும் ஒன்றாக இருக்கமுடியாது என்பதே இச்சரித்திரம் உணர்த்தும் படிப்பினை. தீர்ப்பே வேண்டாம் என்பது இதன் பொருளன்று. பொதுமக்களுக்கு வைத்தியரின் தகுதி பற்றிய உத்தரவாதம் பெறும் உரிமை உண்டு. அதற்குரிய பரீட்சை தனியே, அரிதாக, காவலோடு நடக்கட்டும். சுயபரீட்சையின் மதிப்பெண்ணோ வைத்தியரைத் தவிர வேறெவர் கண்ணிலும் படாதிருக்கட்டும்.

இக்கருவிக்கு எல்லையும் உண்டு. முடக்குவாதத்தின் தீவிரத்தை அளக்க இருபத்தெட்டு மூட்டுகளை விரலால் அழுத்தி, வீக்கம் எலும்பின் தடிப்பா, மூட்டுச்சவ்வின் அழற்சியா என்று உணரவேண்டும்; திரையில் தோன்றும் படம் எவ்வளவு தெளிவாயினும் விரலுக்கு இவ்வறிவைத் தாராது; அது மூத்தவரின் அருகில் நின்று கற்கவேண்டியது. மேலும், தெரிந்துகொள்வது வேறு, தெரிந்தபடி நடப்பது வேறு. கல்விக் கூட்டங்களைப் பற்றிய 81 சோதனைகளைத் தொகுத்த 2009ஆம் ஆண்டுக் காக்ரேன் ஆய்வு, வைத்தியரின் நடைமுறையில் அவற்றால் விளைந்த முன்னேற்றத்தின் நடுமதிப்பு 6 விழுக்காடே என்று கண்டது.

இக்குறையை நீக்கும் வழி வினாக்களை நோயாளரின் ஏடுகளோடு இணைப்பதேயாகும். அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரி 'ரைஸ்' என்ற பெயரில், வைத்தியர்களின் மின்னேடுகளிலிருந்து சிகிச்சை விவரங்களைத் திரட்டும் பதிவகம் ஒன்றை நடத்துகிறது. ஹைட்ராக்சிகுளோரோகுயின் பற்றிய வினாவில் ஒருவர் நிச்சயத்தோடு தவறினால், சரியான விடையைக் காட்டியதோடு நில்லாமல், அவருடைய நோயாளர்களில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் உண்பவர் எத்தனை பேர், கண் பரிசோதனைக்கு அனுப்பப்படாதவர் எத்தனை பேர் என்ற பட்டியலும் அவர்முன் தோன்றுமாயின், அவ்வினா அக்கணமே கல்வியாகவும் சிகிச்சையாகவும் ஆகிவிடும். சில மாதங்களுக்குப் பின் அதே பொருள் வேறு வினாவாக மீண்டும் வருமாயின், திருத்தம் நிலைத்ததா என்பதும் தெரிந்துவிடும். நோய் மறைத்ததை ஏடு வெளிப்படுத்துகிறது. தன்னம்பிக்கை மறைத்ததை வினா வெளிப்படுத்துகிறது. இரண்டும் சேராதவிடத்தில் சுயபரீட்சை பாதிப்பயனே தரும். ஆகவே, இத்தகைய திட்டம் ஒன்றை மதிப்பிடுவோர் அதில் எத்தனை வைத்தியர் சேர்ந்தனர், எத்தனை பேர் தேறினர் என்று எண்ணிக்கொண்டிராமல், அதனால் எத்தனை மருந்துச் சீட்டுகளில் அளவு திருத்தப்பட்டது என்பதையே கேட்கவேண்டும். அக்கேள்விக்கு எண்ணோடு விடையளிக்கவியலாத திட்டம், எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருப்பினும், வைத்தியரின் நேரத்தைக் கேட்கும் அருகதை உடையதன்று.