புன்னைக்காயலில் அச்சான அடியார் வரலாறு

தமிழ் அச்சு வரலாற்றைக் கற்பிக்கும்போது நாம் பெரும்பாலும் 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்க'த்தோடு நின்றுவிடுகிறோம். அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1586-இல், முத்துக்குளித்துறையின் புன்னைக்காயலில் அச்சான பெருநூலொன்று மொழியியலாருக்கு அதனினும் பெரிய கருவூலம். 'புளோஸ் சாங்க்தோரும்' என்னும் அந்நூல், புனிதர்களின் வரலாற்றைக் கூறுவது. அதன் ஆசிரியர் போர்த்துக்கல் நாட்டு இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார். 1520-இல் பிறந்து, 1600-இல் புன்னைக்காயலில் மறைந்தவர்.

இந்நூலின் வேர் நடுக்கால ஐரோப்பாவில் உள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வொராஜின் என்னும் துறவி இலத்தீனில் தொகுத்த 'பொன் ஏடு', அடியார் கதைகளை ஐரோப்பா முழுவதும் பரப்பியது. தொகுத்தவரும் பிற்காலத்தில், 1816-இல், அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பெற்றார். அம்மரபு போர்த்துக்கல், ஸ்பெயின் வழியாக வந்து, பரதவர் பேசிய தமிழில் புத்துருக் கொண்டது.

நூலின் நடை புலவர் நடையன்று; கடற்கரை மக்களின் பேச்சுக்கு அணுக்கமானது. வடசொல்லும் போர்த்துக்கீசியச் சொல்லும் அதில் விரவி வருகின்றன. எழுத்தோ ஓலைச்சுவடி வழக்கைப் பின்பற்றியது. மெய்க்குப் புள்ளி இல்லை. எகர ஏகாரங்களுக்கு வேறுபாடு இல்லை. 'எரி' என்பதா, 'ஏரி' என்பதா என இடம் நோக்கியே படித்தறிதல் வேண்டும். எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், எழுதுவோர் அதனைக் கைவிட்டிருந்தனர். ஆகவே பதினாறாம் நூற்றாண்டுத் தமிழர் எவ்வாறு பேசினர், எவ்வாறு எழுதினர் என்னும் இரு வினாக்களுக்கும் இந்நூல் ஒருசேரச் சான்றாகிறது.

இத்தகைய நூல் அழிவின் விளிம்புவரை சென்றது. வத்திக்கான் நூலகத்தில் எஞ்சிய படியைக் கொண்டு, இயேசு சபையைச் சேர்ந்த ச. இராசமாணிக்கம் 1967-இல் 'அடியார் வரலாறு' என்ற பெயரில் தூத்துக்குடியில் பதிப்பித்தார். அச்சாகி ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின்னரே தமிழ் மாணவர் அதனைக் கையிலெடுத்துப் படிக்க முடிந்தது.

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தபோது, செபப் புத்தகங்களும் கோயில் விழா அழைப்பிதழ்களும் பள்ளி ஏடுகளும் கைவிடப்பட்டன. அவையும் மக்கள் பேசிய தமிழின் சான்றுகளே. ஆசிரியர்களே, மாணவர்களே, உங்கள் வீட்டுப் பெட்டிகளில் எஞ்சிய அச்சுத்தாள் எதுவாயினும், அதன் ஆண்டையும் ஊரையும் குறித்து வையுங்கள். புன்னைக்காயல் நூலைக் காத்தது தொலைதூர நூலகம் ஒன்று. தோட்டத்துத் தமிழைக் காக்க வேண்டியவர் நாமே.