பகிர்வு நினைவகச் சாதனமும் அதன் ஆவணமும்

ஒரே சர்வரில் ஓடும் பல மெய்நிகர் கணினிகள் ஒரே நினைவகப் பகுதியைப் படிக்கவும் எழுதவும் வழிசெய்யும் மென்பொருள் சாதனமே பகிர்வு நினைவகச் சாதனம். மெய்நிகர் கணினிகளை இயக்கும் கியூஎமு மென்பொருளில் 2010 முதல் இருந்துவரும் ஐவிஷ்மெம் இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. டேட்டா சென்டர்களில் சர்வரைப் பழுதுபார்ப்பதற்காக, அதிலுள்ள மெய்நிகர் கணினியை ஓட்டம் நிற்காமலே வேறொரு சர்வருக்கு மாற்றுவார்கள். ஐவிஷ்மெம் 'மாஸ்டர்' எனக் குறிக்கப்படாமல் இணைந்திருந்தால் அந்த மாற்றம் நடக்காது. சாதனத்தைக் கழற்றி, மாற்றியபின் மீண்டும் இணைக்க வேண்டும். இதை ஆவணம் சொல்லாவிட்டால், இரவு ஷிப்டில் இருப்பவருக்கு வேலை தடைபட்ட பிறகுதான் தெரியவரும்.

நினைவகம் தானாக எந்த ஒழுங்கையும் விதிப்பதில்லை. யார் எப்போது எழுதலாம், எழுதியதை மற்றவருக்கு எப்படித் தெரிவிப்பது என்ற ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க முடியும். ஆகவே ஆவணமும் சாதனத்தின் ஓர் உறுப்பே. ஐவிஷ்மெம்மின் ரெஜிஸ்டர் பகுதி 256 பைட். 8-ஆம் பைட்டில் தொடங்கும் ரெஜிஸ்டர், அதைப் படிக்கும் கணினியின் அடையாள எண்ணைத் தரும். 12-இல் தொடங்கும் ரெஜிஸ்டரில் எழுதினால் இன்னொரு கணினிக்கு இன்டரப்ட் போகும்: மேல் 16 பிட் பெறுநரின் எண், கீழ் 16 பிட் வெக்டர். பழைய வடிவத்தில், ரீசெட் ஆன சற்று நேரத்துக்கு அடையாள எண் -1 என்று வரக்கூடும். பொறுத்திராத டிரைவர் அங்கேயே தடுமாறும். 2016-இல் வந்த கியூஎமு 2.6 இதைத் திருத்தி, சாதனத்தின் ரிவிஷன் எண்ணை 1 ஆக்கியது. ஐவிஷ்மெம்மின் விவரக்குறிப்பு ஆவணம் பழைய நடத்தையை மறைக்கவில்லை. அடையாள எண் 0 என வந்தால், இன்டரப்ட் வசதி இருக்கிறதா என்பதை அறிய நல்ல வழி இல்லை என்பதையும் அது ஒப்புக்கொள்கிறது. அந்த ஆவணத்தில் மிகப் பயனுள்ள வரி அதுதான்.

மூலநிரல் திறந்தே கிடக்கும்போது ஆவணம் எதற்கு என்பார்கள். நிரல் இன்று நடப்பதைக் காட்டும். நாளையும் மாறாது என்று நம்பத்தக்கது எது என்பதைக் காட்டாது. வேறொரு இயங்குதளத்துக்கு டிரைவர் எழுதுபவருக்கு வேண்டியது இரண்டாவதுதான். மெய்நிகர் சாதனங்களுக்கான பொது இடைமுகமான விர்ட்ஐஓ இருக்க ஐவிஷ்மெம் ஏன் என்ற கேள்விக்கு ஓரளவு நியாயம் உண்டு. பெரும்பாலான வேலைகளுக்கு அதுவே போதும். மேலும், ஐவிஷ்மெம்மில் எழுதும் உரிமை உள்ள எந்தக் கணினியும் மற்றவற்றின் தரவைக் கெடுக்கலாம். ஜெயில்ஹவுஸ் என்ற ஹைப்பர்வைசர் திட்டம் வகுத்த ஐவிஷ்மெம்மின் இரண்டாம் வடிவம் ஒவ்வொரு கணினிக்கும் தான் மட்டுமே எழுதக்கூடிய பகுதியைச் சேர்த்தது. இந்த வேறுபாட்டை ஆவணத்தில் படித்தறியாமல் ஒருவரையொருவர் நம்பாத வாடிக்கையாளர்களின் கணினிகளுக்கிடையே இச்சாதனத்தை இணைக்கக் கூடாது.